ஆட்டப்பெட்டி ஞாபகம் கற்ற டிசம்பர்



ஒரு வாரத்தைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப் போகிறேன். 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் மூன்றாவது வாரம். இடம், ஜப்பான். 17ஆம் தேதி வியாழக்கிழமை ஒசாகாவைச் சேர்ந்த கேப்காம் நிறுவனத்தின் ‘ராக்மேன்’ கடைக்கு வந்தது. அமெரிக்காவில் அதையே ‘மெகா மேன்’ என்று விற்றார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டஸி’. ஞாயிற்றுக்கிழமை செகாவின் ‘ஃபேன்டஸி ஸ்டார்’. 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவில் பிறந்த ‘விசார்ட்ரி’யின் ஜப்பானியப் பதிப்பு. ஆறு நாளில் நான்கு கேசட்டுகள். கேசட் என்றே சொல்கிறேன். நம் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள், ஜப்பானிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஏன் டிசம்பர் என்று கேட்டால் பதில் எளிது. ஜப்பானில் சம்பளக்காரர்களுக்குக் குளிர்கால போனஸ் கைக்கு வரும் மாதம் அது. அடுத்த சில நாட்களில் புத்தாண்டு. உறவினர்கள் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். அந்த உறையைக் குறிவைத்தே விளையாட்டு நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்தன. ஆகவே ஒரே வாரத்தில் நான்கு வந்ததில் அதிசயம் இல்லை. இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டிக்கு அதுவரை ஞாபகம் என்பது அரிதாகவே இருந்தது. அது பரவலாக வரத் தொடங்கிய காலம் இது. நான்கு கேசட்டுகளில் மூன்று, உங்களை நினைவில் வைத்துக்கொண்டன. ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றிலும் விஷயம் இருக்கிறது.

நின்டென்டோவின் ஃபேமிகாம் பெட்டி 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வந்தது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கென்று தனியாக இன்னொரு 2 கிலோபைட். அவ்வளவுதான். சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட். அதற்கு ஞாபகம் தேவையும் இல்லை. உட்கார்ந்த இருப்பில் ஆடி முடிக்கலாம், தோற்றால் மறுபடி முதலிலிருந்து.

சிக்கல் 1986 மே 27 அன்று ஆரம்பித்தது. எனிக்ஸ் நிறுவனம் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஊர் ஊராகப் போய், பேசி, சண்டையிட்டு, காசு சேர்த்து, கத்தி வாங்கி, மெல்ல மெல்லப் பலம் பெறும் ஆட்டம் அது. ஒரே நாளில் முடியாது. விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது? அரசரிடம் போய் நின்றால் அவர் 20 எழுத்தில் ஒரு மந்திரம் சொல்வார். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஜப்பானிய எழுத்துகளில் ஒன்றுக்கொன்று சாயலானவை பல. அன்றைய மங்கலான திரையில் இரண்டு புள்ளி இருக்கிறதா, சிறு வட்டம் இருக்கிறதா என்று தெரியாது. ஒரு எழுத்து தப்பினால் மந்திரம் செல்லாது. வாரக்கணக்கான உழைப்பு அந்த ஒரு எழுத்தோடு போகும். அழுத பிள்ளைகள் எத்தனை பேரோ!

நின்டென்டோ 1986 பிப்ரவரியில் காந்தத் தகட்டில் பதிவு செய்யும் துணைக்கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. ‘செல்டா’ ஆட்டம் முதலில் அதில்தான் வந்தது. ஆனால் அந்தக் கருவியைத் தனியே வாங்க வேண்டும், தகட்டில் இடமும் குறைவு. அதற்குள் கேசட்டுகள் அந்த அளவைத் தாண்டிவிட்டன. கடைசியில் நிலைத்த வழி மிகச் சாதாரணமானது. கேசட்டுக்குள்ளேயே 8 கிலோபைட் நினைவகச் சிப் ஒன்று. அது மறக்காமல் இருக்கக் காசளவு லித்தியம் பேட்டரி ஒன்று, பலகையோடு பற்றவைத்தது. பெட்டியை அணைத்தாலும் அந்தச் சிப்புக்கு மட்டும் பேட்டரி சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். 8 கிலோபைட் என்பது பள்ளிக்கூட நோட்டில் சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்களில்தான் ஓர் ஆட்டக்காரரின் ஒரு மாத வாழ்க்கை அடங்கியிருந்தது.

இப்போது ஃபைனல் ஃபேன்டஸிக்கு வருகிறேன். ஸ்கொயர் அப்போது பெரிய நிறுவனம் அல்ல. மின்கம்பி அமைக்கும் நிறுவனம் ஒன்றின் கிளையாக யோகோஹாமாவில் தொடங்கி, 1986இல் தனி நிறுவனமானது. அதுவரை போட்டதில் பெரிதாக ஓடியது எதுவும் இல்லை. இயக்குநர் ஹிரோனொபு சகாகுச்சிக்கு அந்த டிசம்பரில் வயது 25. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். இந்த ஆட்டமும் ஓடாவிட்டால் தொழிலை விட்டுவிட்டுப் படிக்கப் போய்விடலாம் என்று நினைத்திருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இசையமைத்த நொபுவோ உவெமட்சு, ஸ்கொயருக்கு வருமுன் இசைத்தட்டு வாடகைக் கடையில் வேலை பார்த்தவர். படம் வரைந்த யொஷிடகா அமானோ மட்டும்தான் அந்தக் குழுவில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்.

இவர்களுக்கு நடுவே ஒரு அந்நியர் இருந்தார். நாசிர் ஜெபெல்லி, ஈரானில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆப்பிள் 2 கணினிக்கு அவர் எழுதிய வேகமான ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த நிரலாளர்கள் அமெரிக்காவில் பலர். பிற்காலத்தில் ‘டூம்’ ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவும் அவர்களில் உண்டு. ஜப்பானிய ஆட்டம் என்றே உலகம் கொண்டாடும் ஃபைனல் ஃபேன்டஸியின் நிரலை எழுதியவர் இந்த ஈரானியர்தான். அவர் எழுதிய ஆகாயக் கப்பல், கீழே நிழல் விழ, நடையைப் போல நான்கு மடங்கு வேகத்தில் பறக்கும். அந்தச் சின்னப் பெட்டியில் அந்த வேகம் பெரிய சாதனை. இன்னொரு வேடிக்கையும் செய்தார். கடல் கப்பலில் இருக்கும்போது ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பி பட்டனை 55 முறை தட்டினால், எண்களை நகர்த்தி அடுக்கும் புதிர் ஒன்று திறக்கும். யாரும் கேட்காமல் அவராகவே வைத்தது அது.

அவருடைய நிரலில் பிழைகளும் உண்டு. பாத்திரங்களுக்கு அறிவு என்றொரு அளவு இருக்கிறது. மந்திரவாதிக்கு அது ஏறிக்கொண்டே போகும். மந்திரத்தின் பலத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, கணக்கில் சேர்க்க விட்டுப்போயிற்று. பிள்ளைகள் அறிவு ஏறுகிறது என்று மகிழ்ந்து ஆடினார்கள். அறிவால் ஒரு பயனும் இல்லாத உலகம்! சில மந்திரங்கள் வேலையே செய்யாது. இதையெல்லாம் கேலிக்குச் சொல்லவில்லை. கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள், காலக்கெடுவுக்குள், 256 கிலோபைட்டுக்குள் ஓர் உலகத்தைத் திணித்தபோது நடந்தவை இவை. அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை என்பதிலிருந்தே அந்த உலகம் எவ்வளவு நம்பும்படி இருந்தது என்று தெரிகிறது.

ஆட்டம் தொடங்கும்போது ஆறு தொழில்களிலிருந்து நான்கு பேரை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வீரன், திருடன், மல்லன், மூன்று நிற மந்திரவாதிகள். ஒவ்வொருவருக்கும் நான்கெழுத்தில் பெயர் வைக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் பெயரையும் நண்பர்கள் பெயரையும் வைத்தார்கள் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள். அந்தப் பெயர்களைத்தான் அந்தச் சிப் காத்தது. சத்திரத்தில் தங்கினால் பதிவு. வெட்டவெளியில் கூடாரம் அடித்தாலும் பதிவு. தூங்குவதும் பதிவதும் ஒரே செயல் ஆனது. களைத்தவர் படுக்கிறார், பெட்டி எழுதி வைத்துக்கொள்கிறது. இதை யோசித்தவருக்கு நான் ஒரு வணக்கம் போடுவேன்.

கதையின் முடிவைக் கேளுங்கள். 2000 ஆண்டு நீளமுள்ள ஒரு காலச் சுழலில் தீமை தன்னைத்தானே திரும்பத் திரும்பப் பிறப்பித்துக்கொள்கிறது. நான்கு வீரர்களும் 2000 ஆண்டு பின்னால் போய் அந்தச் சுழலை அறுக்கிறார்கள். அறுத்தவுடன் அந்தத் தீமை நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. ஆகவே அவர்கள் போரிட்டதும் நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. உலகத்தில் யாருக்கும் அவர்களை நினைவில்லை. ஆடியவருக்கு மட்டும் நினைவிருக்கிறது. ஆட்டம் முழுக்க உங்களை ஞாபகம் வைத்திருந்த ஒரு கேசட், இறுதியில் அந்த ஞாபகப் பொறுப்பை உங்களிடமே தள்ளிவிடுகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று வாதிடுவதில் பயனில்லை. ஆட்டத்தில் அது இருக்கிறது.

விற்பனையில் இது மலை சாய்த்துவிடவில்லை. முதலில் 2 லட்சம் பிரதி போடுவதாக இருந்தது, சகாகுச்சி மன்றாடி அதை 4 லட்சம் ஆக்கினார். ஜப்பானில் ஏறத்தாழ 5 லட்சத்து 20 ஆயிரம் விற்றது. நிறுவனம் மூச்சு விட அது போதும். ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, 1988 பிப்ரவரி 10 அன்று டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகம் வந்தபோது முதல் நாளிலேயே 10 லட்சத்துக்கு மேல் போயிற்று. பள்ளிக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்ற மாணவர்களைப் போலீஸ் பிடித்த கதை அன்றைய செய்தி. அந்த மூன்றாம் பாகத்தில் மந்திரச் சொல்லைக் கைவிட்டு பேட்டரிக்கு மாறிவிட்டார்கள். நாடே அதற்குத்தான் காத்திருந்தது. டிசம்பரில் வந்த நான்கும், சொல்லப்போனால், அந்தப் பெரிய திருவிழாவுக்கு முன் கிடைத்த இடைவெளியில் கடை போட்டவை.

அடுத்து ஃபேன்டஸி ஸ்டார். இது ஃபேமிகாமுக்கு வந்ததல்ல. போட்டியாளரான செகாவின் பெட்டிக்கு வந்தது. செகாவிடம் பெட்டி நன்றாக இருந்தது, ஆட்டங்கள்தாம் குறைவு. ஃபேமிகாமுக்கு எழுதும் வெளி நிறுவனங்கள் எல்லாம் நின்டென்டோ பக்கம் இருந்தன. ஆகவே செகா தன் வீட்டு ஆட்களை வைத்தே ஒரு பெரிய ஆட்டத்தை எழுதியது. 512 கிலோபைட் கேசட், அதாவது ஃபைனல் ஃபேன்டஸியைப் போல இரண்டு பங்கு. குகைகளுக்குள் நடக்கும்போது சுவர்கள் வழுக்கிக்கொண்டு உங்களை நோக்கி வரும், நீங்கள் திரும்பினால் அவையும் திரும்பும். அதை எழுதிய யூஜி நாகாவுக்கு வயது 22. பிற்பாடு ‘சோனிக்’ ஆட்டத்தின் நிரலை எழுதியவர் இவர்தான்.

படங்களை வரைந்தவர் ரியேகோ கொடாமா, வயது 24. கதை எழுதியவர் சியேகோ ஆவோகி. இரண்டு பெண்கள். கதாநாயகியும் பெண்ணே. அலிஸ் என்ற இளம்பெண், தன் அண்ணன் நீரோவைக் கொடுங்கோலன் லாசிக்கின் ஆட்கள் கொன்றதும் வாளெடுத்துப் புறப்படுகிறாள். மூன்று கிரகங்களில் நடக்கும் கதை. துணைக்கு ஒரு பேசும் பூனை உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ‘மெட்ராய்ட்’ ஆட்டத்தில் கவசத்துக்குள் இருந்தது பெண் என்று முடிவில் காட்டினார்கள். இங்கே ஒளிவுமறைவே இல்லை, முதல் காட்சியிலேயே அவள்தான். ஸ்கொயரின் ஆட்டத்தில் நீங்கள் பெயர் வைக்க வேண்டும். செகாவின் ஆட்டத்தில் அவளுக்குப் பெயர், துக்கம், காரணம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. எனக்கு இதுதான் பிடிக்கும். சண்டை இல்லாதபோது எங்கே வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், ஐந்து பதிவுகளுக்கு இடம் உண்டு. ஒரு வீட்டில் அண்ணன் தங்கை இருந்தால் ஆளுக்கொன்று.

ஆனால் ஆட்டத்தின் இறுதியில் வரும் பெயர்ப்பட்டியலில் ரியேகோ கொடாமா என்ற பெயர் இருக்காது. ‘ஃபீனிக்ஸ் ரியே’ என்றிருக்கும். எல்லோருக்கும் இப்படிப் புனைபெயர்தான். காரணம் கவித்துவம் அல்ல. நல்ல ஆட்களைப் போட்டி நிறுவனங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். கேப்காமிலும் இதே கதை. ஆட்டக்காரரின் நான்கெழுத்துப் பெயரைப் பேட்டரி போட்டுக் காத்த தொழில், அதை உருவாக்கியவர்களின் பெயரை மறைத்தது. கொடாமா 2022இல் காலமானார். செய்தி வெளியே வரவே சில மாதங்கள் ஆயின.

கேப்காமைச் சொன்னேன், ராக்மேனைப் பார்ப்போம். உருவாக்கியது ஆறு பேர் கொண்ட குழு. தலைமை, அகிரா கிடமுரா. 22 வயது கெய்ஜி இனாஃபூனே படம் வரைந்தார். ராக்மேனைப் படைத்தவர் இனாஃபூனே என்று உலகம் இன்றும் எழுதுகிறது. தான் வருவதற்கு முன்பே கிடமுரா அந்த உருவத்தின் அடிப்படையை வைத்திருந்தார் என்று இனாஃபூனேவே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்பார் இல்லை. இசை, மனாமி மட்சுமாயே என்ற இளம்பெண். அவருக்கும் புனைபெயர்தான். ராக்மேன் ஏன் நீலம்? ஃபேமிகாமில் கிடைத்த ஐம்பத்துச் சொச்சம் நிறங்களில் நீலச் சாயல்கள் நிறைய இருந்தன, அதனால் சிறிய உருவத்தை நுணுக்கமாகக் காட்ட முடிந்தது. ஒரு சிற்றுருவத்துக்கு மூன்று நிறம்தான் அனுமதி. ராக்மேனின் முகத்தைத் தனி உருவமாக வரைந்து உடலின் மேல் ஒட்டி, கூடுதல் நிறம் பெற்றார்கள். திரையில் ஒரே கிடைவரியில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் சில மறைந்து மினுங்கும். ராக்மேனில் அந்த மினுக்கம் நிறையவே உண்டு.

இந்தக் கேசட்டில் பேட்டரி இல்லை. மந்திரச் சொல்லும் இல்லை. சுவிட்சை அணைத்தால் ராக்மேன் உங்களை அடியோடு மறந்துவிடுவான். அப்படியானால் இதை ஏன் மற்ற மூன்றோடு சேர்க்கிறேன்? அன்றைய ஓட்ட ஆட்டங்களில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வரிசை உண்டு. ராக்மேன் அந்த வரிசையை உடைத்தது. ஆறு எதிரிகள் திரையில் நிற்பார்கள். யாரை முதலில் சந்திப்பது என்பது உங்கள் இஷ்டம். ஒருவனை வென்றால் அவனுடைய ஆயுதம் உங்களுக்கு. அந்த ஆயுதம் இன்னொருவனுக்கு எமன். கத்தரி, காகிதம், கல் விளையாட்டின் கணக்கு. யாருக்கு எது ஆகாது என்று ஆட்டம் சொல்லாது. அடிபட்டு, தோற்று, நீங்கள் கண்டுபிடித்து, நீங்கள்தான் ஞாபகம் வைக்க வேண்டும். மின்சார ஆயுதம் எந்த எதிரியிடம் எடுபடும் என்பது ஆடியவர் தலையில் எழுதியிருக்கும். எந்தப் பாறையில் எப்போது குதிக்க வேண்டும் என்பது கட்டைவிரலில் எழுதியிருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பேட்டரி செய்த வேலையை இங்கே பிள்ளைகள் செய்தார்கள்.

விசார்ட்ரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ஆட்டம். கோடுகளால் ஆன பாதாள அறைகள், ஆறு பேர் கொண்ட கூட்டம். ஃபேமிகாம் பதிப்பைச் செய்தது ‘செவியஸ்’ ஆட்டத்தால் புகழ்பெற்ற மசனொபு எண்டோவின் நிறுவனம். ஜுன் சுவெமி வரைந்த பயங்கர உருவங்கள், கென்டாரோ ஹனேடாவின் இசை என்று மூலத்தைவிட அழகாகவே வந்தது. இங்கே ஞாபகம் வேறு மாதிரி வேலை செய்கிறது. உங்கள் வீரன் செத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய் உயிர்ப்பிக்கலாம். அது பலிக்காவிட்டால் சாம்பல். சாம்பலிலிருந்து எழுப்புவதும் பலிக்காவிட்டால் அவன் இல்லை, என்றென்றைக்கும் இல்லை. கேசட் அதை உடனே எழுதிவிடும். ஃபைனல் ஃபேன்டஸியின் பேட்டரி கருணை, விசார்ட்ரியின் பேட்டரி சித்திரகுப்தன். கூட்டம் அழிந்த கணத்தில், எழுதி முடிக்குமுன் ரீசெட் பட்டனை நோக்கிப் பாய்ந்த கைகள் ஏராளம்.

இதே வாரம், டிசம்பர் 15 அன்று, அமெரிக்காவின் சான் டியகோவில் எஃப்.டி.எல். என்ற சிறு நிறுவனம் அடாரி எஸ்.டி. கணினிக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’ வெளியிட்டது. விசார்ட்ரியின் பிள்ளைதான். ஆனால் எதிரி உங்கள் முறைக்காகக் காத்திருக்க மாட்டான், நீங்கள் யோசிக்கும்போதே வந்து அடிப்பான். அது கணினி உலகம், நெகிழ்தட்டு, தனிக் கதை. இருந்தாலும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் டிவி கேம் ஆடி வளர்ந்தோமே, இதெல்லாம் காதில் விழவே இல்லையே என்று சிலர் யோசிப்பது முகத்தில் தெரிகிறது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல் பெட்டிகள். கேசட் மேலே ‘நூறு ஆட்டம் ஒன்றில்’ என்றெல்லாம் போட்டிருக்கும், உள்ளே மாரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும். நகல் எடுப்பவர் சிறிய ஆட்டங்களைத்தான் எடுப்பார். பேட்டரியும் கூடுதல் சிப்பும் வேண்டிய ஆட்டத்தை அப்படி அடைக்க முடியாது. அடைத்தாலும் பக்கம் பக்கமாக ஜப்பானிய எழுத்தை இங்கே யார் படிப்பது? ஆக, ஞாபகம் இல்லாத ஆட்டங்கள் மட்டுமே நமக்கு வந்து சேர்ந்தன. ஃபைனல் ஃபேன்டஸி என்ற பெயர் நம் பிள்ளைகளுக்கு அறிமுகமானது பல காலம் கழித்து, பிளேஸ்டேஷன் வழியாக.

இன்னொரு நடைமுறைச் சங்கதி. அந்த லித்தியம் பேட்டரிகள் சாகின்றன. முப்பது ஆண்டைத் தாண்டிய கேசட்டுகளில் பல இன்று அணைத்தவுடன் மறந்துவிடுகின்றன. பழைய கேசட் சேர்ப்பவர்கள் பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்து புதிய பேட்டரி போடுகிறார்கள். கழற்றும் கணத்தில், வேறு மின்சாரம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்காவிட்டால், உள்ளே இருந்த பதிவு அழிந்துவிடும். 1987இல் யாரோ ஒரு பையன் வைத்த நான்கெழுத்துப் பெயர் அதில் இருந்திருக்கலாம்.

சரி, அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? ராக்மேன் சுமாராகத்தான் விற்றது. இரண்டாம் பாகத்துக்கு நிறுவனம் பெரிய ஆர்வம் காட்டவில்லை. மற்ற வேலைகளையும் பார்த்துக்கொண்டே இதையும் செய்வதானால் செய்யுங்கள் என்று விட்டார்கள். அந்தக் குழு நேரங்காலம் பார்க்காமல் செய்து முடித்தது. 1988 டிசம்பர் 24 அன்று வந்தது. எதிரிகள் ஆறிலிருந்து எட்டானார்கள். கட்டங்களில் புள்ளி வைக்கும் கடவுச்சொல்லும் வந்தது, ராக்மேனும் சிறிது ஞாபகம் கற்றான். அதுதான் உண்மையில் ஓடிய ராக்மேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 17 அன்று, ஃபைனல் ஃபேன்டஸி இரண்டாம் பாகம். ஸ்கொயர்காரர்கள் ஞாபக விஷயத்தில் ஒரு படி மேலே போனார்கள். அகிடொஷி கவாசு வடித்த முறை அது. பொதுவான அனுபவப் புள்ளி கிடையாது. வாளை அதிகம் வீசினால் வாள் தேறும், மந்திரத்தை அதிகம் சொன்னால் மந்திரம் தேறும், அடி வாங்கினால் உயிர்ப்பலம் தேறும். நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் பெட்டி கணக்கு வைக்கிறது. ஜப்பானியப் பிள்ளைகள் இரண்டே நாளில் அதன் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எதிரியை விட்டுவிட்டுத் தங்கள் கூட்டத்து ஆட்களையே ஒருவரை ஒருவர் அடிக்கவிட்டு, எல்லோரையும் பலசாலிகளாக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பாகம் பெற்ற திட்டைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.